தண்ணீர்க் கணக்கு வியாபார ரகசியமாம்

அக்கா மகன் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். “எல்லாத் தகவலும் மேகத்துல இருக்கு மாமா” என்றான். மேகமாவது ஒண்ணாவது! தரையில் நிற்கிற கட்டிடம் அது. மின்சாரம் தின்கிறது, தண்ணி குடிக்கிறது. டேட்டா சென்டர் என்கிறார்கள். அது யாருடைய தேவைக்காக இப்படி வளர்ந்தது என்பதைத்தான் நாம் பேசியாக வேண்டும்.

விஞ்ஞானம் தானாக வளர்கிறது என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வியாபாரிக்கு எது தெரிய வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தெரிய வேண்டும் என்பதுதான் எந்திரத்தின் உருவத்தையே தீர்மானித்தது என்கிறேன் நான். லண்டனில் லயன்ஸ் என்றொரு டீக்கடைக் கம்பெனி. தன் ஆபீஸ் கணக்குக்கென்றே லியோ என்ற கம்ப்யூட்டரைச் செய்து 1951இல் ஓட்டியது. சுமார் 6000 வால்வுகள். 1954 முதல் ஒவ்வொரு கடையிலிருந்தும் நாளைக்கு என்னென்ன எவ்வளவு வேண்டும் என்று போன் வரும், எந்திரம் கணக்குப் போட்டுத் தரும். நாளைய கணக்கு இன்றைக்குத் தெரிந்தால் போதும் அவர்களுக்கு. ஆகவே ஒரு பெரிய அறை போதுமானதாக இருந்தது.

விமானக் கம்பெனிக்கு அது காணாது. காலி சீட்டோடு பறந்தால் நட்டம், ஒரே சீட்டை ரெண்டு பேருக்கு விற்றால் சண்டை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஐ.பி.எம்.மோடு சேர்ந்து செய்த சேபர் என்ற முன்பதிவு ஏற்பாடு 1964இல் முழுசாக ஓடத் தொடங்கியது. இரண்டு கம்ப்யூட்டர்கள்: ஒன்று ஓட, இன்னொன்று அது நின்றுபோனால் கைகொடுக்க. நிற்கவே கூடாது என்ற பிடிவாதம் அப்போதே வந்துவிட்டது.

அப்புறம் வந்தது விளம்பர வியாபாரம். நீங்களும் நானும் எதைத் தேடுகிறோம் என்பதே அதற்குச் சரக்கு. கோடிக்கணக்கான பேரை ராப்பகலாகக் கவனிக்க வேண்டும், கண்மூடித் திறப்பதற்குள் பதிலும் தர வேண்டும். இதற்கு அறை போதாது, ஆறு வேண்டும்.

ஆறு கிடைத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், தி டால்ஸ் என்ற சிற்றூர். 2006இல் அங்கே கூகுள் தன் டேட்டா சென்டரைத் திறந்தது. ஏன் அங்கே? பக்கத்தில் அணை, மலிவான மின்சாரம். அந்த அணை எப்படி வந்தது? செலிலோ அருவியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீன் பிடித்துவந்த பூர்வகுடி மக்களுக்கு அந்த உரிமையை 1855 ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தது அமெரிக்க அரசு. 1957 மார்ச் 10இல் அணையின் கதவுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் அருவி தண்ணிக்குள்ளே போய்விட்டது. நஷ்டஈடு கொடுத்தார்களாம். அருவிக்கு என்ன விலை போட்டிருப்பார்கள்? முதலில் அந்த மின்சாரத்தைத் தின்றது அலுமினிய ஆலை. அது மூடிய பிறகு நம் தேடல்களைச் சேர்த்துவைக்கிற எந்திரங்கள் வந்தன.

எந்திரம் சூடாகும், குளிர்விக்கத் தண்ணி வேண்டும். எவ்வளவு என்று 2021இல் ஓரிகோனியன் பத்திரிகை கேட்டது. சொல்ல மாட்டோம், அது வியாபார ரகசியம் என்றது நகராட்சி. கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் கொடுக்கவில்லை. பத்திரிகை மேலேயே வழக்குப் போட்டது! உலகத்தின் தகவலையெல்லாம் அள்ளுகிறவனின் தண்ணிக் கணக்கு மட்டும் ரகசியமாம். 2022 டிசம்பரில் வேறு வழியில்லாமல் வெளியிட்டார்கள். 2021இல் மட்டும் 35 கோடியே 50 லட்சம் காலன், அதாவது சுமார் 134 கோடி லிட்டர். ஊரின் மொத்தத் தண்ணியில் கால் பங்குக்கும் மேல். தனிக்கிணறு, தனிக்குழாய் என்று ஒதுக்கப்பட்ட நமக்கு, தண்ணியின் மேல் யாருக்கு முதல் பாத்தியதை என்ற கேள்வி புதுசில்லை.

அக்கா மகன் வேலை பார்க்கிற சிறுசேரியிலும் இப்போது டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எந்த ஏரித் தண்ணி, எந்த ஆழ்துளைக் கிணறு? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுது என்றேன். “வேலைக்கு எதுவும் ஆயிடாதா மாமா?” என்றான். சரி, என் பேரிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.