சாமை சாப்பிட்டால் பசிக்காதா?

உடம்பைக் குறைக்கணும் என்று வாயைத் திறந்தால் போதும், கள்ளக்குறிச்சிப் பக்கம் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே யோசனையைச் சொல்கிறார்கள். "அரிசியை நிறுத்துங்க. கல்வராயன் மலைச் சாமைக்கு மாறுங்க. பசியே தெரியாது, எடை தானா இறங்கும். மலைக்காரங்களைப் பாருங்க, ஒருத்தருக்காவது தொப்பை இருக்கா?" 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு இந்தப் பேச்சுக்கு இன்னும் கால் முளைத்துவிட்டது. காலையில் நடக்க வருகிறவர் சொல்கிறார், மளிகைக்கடைக்காரர் சொல்கிறார், யூடியூபில் வெள்ளைக் கோட்டுப் போட்டவரும் சொல்கிறார்.

சாமைமேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. நல்ல தானியம், ருசியான தானியம். ஆனால் இந்த யோசனைக்குள் நாலைந்து கூற்றுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் தேறுவது கொஞ்சம்தான். விளையாட்டாக விட்டுவிடவும் முடியாது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் உயரத்துக்கு மிஞ்சிய எடையோடு இருக்கிறார்கள். இத்தனை பேர் தப்பான யோசனையைக் கேட்டுப் பட்டினி கிடந்து, பிறகு வெறுத்துப்போய்ப் பழையபடி சாப்பிட ஆரம்பிப்பதைத்தான் வீட்டுக்கு வீடு பார்க்கிறோம்.

முதல் கூற்று, சாமையில் கலோரி கம்மி என்பது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச்சத்து அட்டவணையில் 100 கிராம் சாமைக்கு 346 கலோரி, தீட்டிய பச்சரிசிக்கு 356 கலோரி. வித்தியாசம் பத்தே கலோரி. நாலைந்து நிலக்கடலைப் பருப்பை வாயில் போட்டால் கணக்கு சரியாகிவிடும். கேழ்வரகும் கோதுமை மாவும் இதைவிடக் குறைவு, ஏறக்குறைய 320.

நார்ச்சத்தில் சாமை உண்மையிலேயே முந்துகிறது: அரிசியில் 2.8 கிராம், சாமையில் 7.7. புரதமும் இரண்டு கிராம் கூடுதல். ஆனால் அந்த நார் பெரும்பாலும் தவிட்டில்தான் இருக்கிறது. தவிட்டோடு இருக்கும் சாமையில் எண்ணெய்ப்பசை உண்டு, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பூச்சியும் விழும். அதனால் பல மாதம் கடையில் கிடக்கட்டும் என்று வெள்ளை வெளேரென்று தீட்டி, பளபளக்கும் பையில் போட்டுத் தருகிறார்கள். ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மங்கலான பழுப்பில் இருந்து, கையில் மாவுபோலத் தவிடு ஒட்டினால் அது தீட்டாதது. ரவை மாதிரி வழுவழுவென்று கையை விட்டு ஓடினால், அரிசியைவிட அதிக விலை கொடுத்து அரிசிக்குப் பக்கத்தில் வரும் ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. 'சத்தானது' என்று பெயர் வாங்கிய எதையும் நாம் அளவு பார்த்துச் சாப்பிடுவதில்லை. சாமையில் எலுமிச்சைச் சாதம், தாளிக்க மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், தொட்டுக்கொள்ள நாலு அப்பளம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. சாமைக்கு மாறி மிச்சப்படுத்திய பத்துக் கலோரி வாணலியிலேயே காணாமல் போய்விடுகிறது. நெய் மிதக்கும் சாமைப் பொங்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது, பசி தாங்கும் என்ற பேச்சு. எந்தச் சாப்பாடு வயிற்றை எவ்வளவு நேரம் அடக்குகிறது என்று 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவரும் அவருடைய குழுவும் அளந்து பார்த்தார்கள். 38 உணவுகள், ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு. சாப்பிட்டவர்களிடம் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை, பசி எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வெண்ணெய் சேர்த்துச் செய்யும் குரோசான் 47தான் வாங்கியது. ஆப்பிள் 197, ஆரஞ்சு 202, மீன் 225. எல்லாவற்றுக்கும் மேலே 323 வாங்கி நின்றது, எடை குறைக்கிறவர்கள் முதல் நாளே தள்ளிவைக்கும் உருளைக்கிழங்கு. வறுவல் இல்லை, வெறுமனே வேகவைத்தது. வெள்ளை அரிசிக்கு 138, தவிடு நீக்காத அரிசிக்கு 132. அதாவது தவிட்டரிசி கொஞ்சம் பின்தங்கிவிட்டது. சின்ன ஆய்வுதான், ஓர் உணவுக்குப் பதினொன்றிலிருந்து பதின்மூன்று பேர்தான், சாமை அந்தப் பட்டியலில் இடம்பெறவும் இல்லை. ஆனாலும் தானியத்தின் பெயரை மாற்றினாலே பசி அடங்கிவிடும் என்ற நம்பிக்கையை அசைக்க இது போதும். அதே 240 கலோரிக்கு எது தட்டில் அதிக எடையோடு வந்ததோ, எதில் நீரும் புரதமும் நாரும் கூடி எண்ணெய் குறைந்திருந்ததோ, அதுதான் பசியைப் பிடித்து வைத்தது.

இதை நம் பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாற்பது கிராம் கேழ்வரகு மாவைக் காய்ச்சிக் கூழாக்கி, மோர் ஊற்றிக் கரைத்தால் ஒரு பெரிய சொம்பு நிறையும். மோரையும் சேர்த்து 160, 170 கலோரிதான் வரும். கூடவே பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் வயிறு நிறைந்துவிடும். அதே மாவை எண்ணெய் விட்டு மூன்று அடையாகச் சுட்டால் கலோரி இரட்டிப்பாகும், வயிறோ பாதி நிறையும். தானியம் ஒன்றுதான், செய்த விதம் வேறு.

'பசித்தால் ஒரு லோட்டா தண்ணீரைக் குடி' என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1999இல் இருபத்து நான்கு பெண்களுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன், கோழியும் அரிசியும் காய்கறியும் சேர்ந்த ஒரே உணவை மூன்று விதமாகக் கொடுத்தார்: அப்படியே, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, அதே தண்ணீரைச் சேர்த்துச் சூப்பாக. சூப்பாகச் சாப்பிட்டபோதுதான் பிறகு மதியச் சாப்பாடு குறைந்தது. தனியாகக் குடித்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யவில்லை. தண்ணீர் சாப்பாட்டுக்குள் இருக்க வேண்டும். கூழ், ரசம், நீர்க்க வைத்த சாம்பார், சுரைக்காய், பூசணி, வெள்ளரி என்று நம்மிடம் அதற்கு வழி நிறைய இருக்கிறது.

கொள்ளும் இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி, கொள்ளை வேகவைத்துத் தண்ணீரை வடித்து ரசம் வைத்துக் குடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைத்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருப்பதால் மென்று தின்றால் பசியை நன்றாகத் தாங்கும். அந்த வேலையைச் செய்யக்கூடிய பாகம் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. மாடு கொடுத்துவைத்தது.

இனி, எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டுவது: மலைக்காரர்களைப் பாருங்கள் என்பது.

சரி, பார்ப்போம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இருபத்தொன்பது ஆண்டு கழித்துத்தான் அங்கே அரசாங்கம் முறையாக ஏறியது. அதுவரை அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் ஜாகிர்தாருக்கு உழைத்தார்கள். இன்றைக்கும் பல சிற்றூர்களுக்கு நல்ல சாலை கிடையாது. ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் ஏறி இறங்கி நடக்க வேண்டும். மேட்டு நிலத்தில் உழவு, களையெடுப்பு, விறகு, தண்ணீர். வேலை இல்லாத மாதங்களில் கேரளத்துக்கும் கர்நாடகத்துத் தோட்டங்களுக்கும் பிழைக்கப் போகிறார்கள். இப்படி வாழ்கிற ஒருவருக்குத் தொப்பை விழாததற்குச் சாமைதான் காரணம் என்று, ஸ்கூட்டரில் கடைக்குப் போய்வரும் நாம் எந்த முகத்தோடு சொல்கிறோம்?

அவர்கள் இப்போது தினமும் சாமையா சாப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மலையிலும் அன்றாடச் சோறு பெரும்பாலும் அதுதான். சாமையை உரலில் போட்டுக் குத்திப் புடைத்துச் சோறாக்க அரை நாள் ஆகும். விளைந்ததைக் கீழே விற்றால் கையில் காசு. வாங்கித் தின்பது சமவெளி, விற்றுவிட்டு ரேஷன் அரிசி பொங்குவது மலை. ஒல்லியாக இருப்பவர்கள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்பதும் இல்லை. நாடு முழுக்கப் பழங்குடிப் பெண்களிடம் இரத்தசோகையும் குழந்தைகளிடம் எடைக்குறைவும் மற்றவர்களைவிட அதிகம். அந்த இளைப்பைக் காட்டி நாம் உடம்பு குறைக்க விளம்பரம் செய்வது அசிங்கம். சாமை வாங்குங்கள், ருசிக்காக வாங்குங்கள், மலைக்காரரிடம் நேரடியாகக் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். இடுப்பளவுக்கு அதைப் பொறுப்பாக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது சாமைக்கு மாறியும் பசித்தவர்களிடம் சொல்வது: "பசிச்சா நல்லது, கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம். மனசைக் கட்டுப்படுத்துங்க."

பசிக்கும் கொழுப்பு கரைவதற்கும் அப்படி நேர்க்கணக்கு இல்லை. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானியர்களான கொஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பதினோரு மணிக்கு டீயும் வடையும் பழகியவருக்குப் பதினோரு மணிக்குப் பசிப்பது பழக்கத்தின் வேலை. அது கொஞ்ச நேரத்தில் தானாகத் தணியும், நேரத்தை மாற்றிப் பழகினால் பசியும் மெல்ல நேரம் மாறும். இதில் கொழுப்பு கரைவதும் இல்லை, குடி முழுகுவதும் இல்லை. தூக்கம் கெட்டாலும் பசி கூடும். சிகாகோவில் 2004இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நாலு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்ததில் கிரெலின் 28 விழுக்காடு ஏறியிருந்தது. இரவு பன்னிரண்டு வரை செல்போன் பார்த்துவிட்டு மறுநாள் மனசைக் கட்டுப்படுத்து என்றால் எப்படி?

பட்டினியின் பசி வேறு வகை. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 பேரை ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரியில் வைத்தார். அவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இதற்கு முன்வந்தவர்கள். மன உறுதிக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. எடையில் கால்பங்கு இறங்கியபோது அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சோற்றைத் தவிர வேறு நினைப்பில்லாமல் கிடந்தார்கள். 2011இல் மெல்போர்னில் வந்த ஆய்வோ, கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்து எடை இழந்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடை குறைப்பு ஊசிகள் பெரிதும் பசியை மட்டுப்படுத்தித்தான் வேலை செய்கின்றன. மன உறுதி மட்டுமே விஷயம் என்றால் அந்த ஊசிக்கு வேலையே இருக்காது. டயட்டை மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்ட அக்காவையும் தம்பியையும் சோம்பேறி என்று சொல்வதற்கு முன், அவர்கள் எவ்வளவு குறைத்தார்கள் என்று கேளுங்கள். ஒரே நாளில் பாதியாக்கியிருப்பார்கள்.

கலோரியைக் குறைக்காமல் எடை குறையாது, அதை நான் மறுக்கவில்லை. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 400, 500 குறைத்தால் மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ. இந்த வேகத்தில் பசி தாங்கக்கூடியதாக இருக்கும். சாமையோ அரிசியோ ஒரு கிண்ணம். அதைவிட அதிகமாக அவரைக்காய், கீரை, புடலங்காய். கெட்டியாகப் பருப்போ சுண்டலோ முட்டையோ குழம்பு மீனோ. முதலில் காய், பிறகு சோறு. டீயில் சர்க்கரையையும் வாணலியில் எண்ணெயையும் குறைத்தாலே பல வீடுகளில் 300 கலோரி போய்விடும், வயிற்றுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை விழுங்குகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் பசியைப் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. கை நடுங்கி, வேர்த்து, படபடத்து வருவது சர்க்கரை அளவு இறங்குவதன் அறிகுறி. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் போய் மாத்திரை அளவையும் இன்சுலின் அளவையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த வேலையில் இப்போதைக்கு இறங்கவே வேண்டாம்.