எலி யார் பொறுப்பு? மாஞ்சோலை லயம் முதல் பாளையங்கோட்டை வாடகை அறை வரை

வாடகை வீட்டில் எலி, பெருச்சாளி, கரையான், மூட்டைப்பூச்சி பெருகினால் அவற்றை ஒழிக்கும் செலவு வீட்டு உரிமையாளருடையதா, குடியிருப்பவருடையதா? சிறிய கேள்வியாகத் தோன்றும் இதனைப் பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அண்மையில் வந்த மாணவர் ஒருவர், மூன்று மாதமாக மூட்டைப்பூச்சித் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு கடைசியில்தான் உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறார். "உங்க ஆளுங்க வந்த பிறகுதான் இதெல்லாம் வந்துச்சு" என்பதே கிடைத்த பதில். அந்த ஒரு வாக்கியத்திற்கு அஞ்சித்தான் அவர் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. வீடு கிடைப்பதே அரிதாக இருக்கும் சமூகத்தினருக்குக் கெட்ட வீடு கிடைப்பதும், அதைப் பற்றிப் புகார் சொன்னால் அழுக்கு என்ற பழி அவர்கள் மீதே விழுவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பராமரிப்பு வேலைகளை இருதரப்புக்கும் பங்கிடும் பட்டியல் ஒன்று அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. கட்டமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி ஆகியவை வாடகைதாரரைச் சேர்ந்தவை. கிழிந்த ஈ வலையை மாற்றுவதும் வாடகைதாரர் பொறுப்பே. வலையைப் பற்றி யோசித்த சட்டம் பூச்சியைப் பற்றி யோசிக்கவில்லை. எலி, கரையான், மூட்டைப்பூச்சி என்ற சொற்கள் எந்தப் பக்கப் பட்டியலிலும் இல்லை.

இந்த மௌனத்தை வாடகைதாரருக்குச் சாதகமாக வாசிக்க முடியும் என்பதே எங்கள் நிலைப்பாடு. பூச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். சுவர் வெடிப்பிலும் தரைப் பொந்திலும் எலி நுழைகிறது என்றால், உடைந்த கழிவுநீர்க் குழாய் வழியாகக் கரப்பான் ஏறுகிறது என்றால், ஈரம் ஊறிய நிலைப்படியைக் கரையான் அரிக்கிறது என்றால், அது கட்டமைப்புப் பழுது. உரிமையாளரின் பட்டியலில் உள்ளது. மருந்தடிப்பது அந்தப் பழுதைச் சரிசெய்யும் வேலையின் ஒரு பகுதியே. சமையலறைக் குப்பையை நாள்கணக்கில் சேர்த்து வைத்ததால் வந்தது என்றால் நிலைமை வேறு. மூட்டைப்பூச்சியில்தான் சிக்கல். அது கட்டிலிலும் மெத்தையிலும் பெட்டியிலும் பயணம் செய்யும். யார் கொண்டுவந்தார் என்று மெய்ப்பிப்பது எளிதன்று. குடிபுகுந்த முதல் வாரத்திலேயே புகாரை எழுத்தில் கொடுத்திருந்தால், அது முன்பே இருந்தது என்று வாதிட வழியுண்டு. எங்களிடம் வந்த மாணவர் இழந்தது அந்த முதல் வாரத்தைத்தான்.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் இங்கே உதவும். குத்தகைக்கு விடுபவர் தமக்குத் தெரிந்த, எதிர்த்தரப்பு சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாத முக்கியக் குறைபாட்டை மறைக்கக் கூடாது. தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பிறகும் நியாயமான காலத்திற்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற பொதுக்கடமை எதையும் இப்பிரிவு உரிமையாளர் மேல் சுமத்தவில்லை.

அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1843இல் பிரைட்டன் நகரில் வாரம் 8 கினி வாடகைக்கு வீடெடுத்த மாரபிள் என்ற சீமான், மூட்டைப்பூச்சி தாங்காமல் வெளியேறினார். மீதி வாடகை கேட்டுத் தொடரப்பட்ட ஸ்மித் எதிர் மாரபிள் வழக்கில் அவரே வென்றார். அதே ஆண்டில், அதே வகை நீதிமன்றத்தில், ஹார்ட் எதிர் விண்ட்சர் வழக்கிலும் மூட்டைப்பூச்சியே பிரச்சினை. அதில் வாடகைதாரர் தோற்றார். வேறுபாடு ஒன்றுதான்: முதல் வீடு தட்டுமுட்டுச் சாமான்களோடு விடப்பட்டது, இரண்டாவது வெறும் வீடு. வசதி உள்ளவர் எடுக்கும் வீட்டில் பூச்சி இருந்தால் ஒப்பந்தம் முறியும். வெறும் சுவரை வாடகைக்கு எடுப்பவர் பொறுத்துப் போக வேண்டும். இங்கிலாந்து 2018இல் தனிச்சட்டம் இயற்றி, பூச்சி உள்ளிட்ட சுகாதாரக் கேடுகளையும் வீட்டின் தகுதிக்குறைவாக ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் 1843இலேயே நிற்கிறோம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்வியின் கூர்மையான வடிவம் மலைமேல் இருக்கிறது. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் பாம்பே பர்மா நிறுவனம் உருவாக்கிய மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தோட்டங்களில் தொழிலாளர்கள் தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்தார்கள். பெரும்பான்மையோர் பட்டியல் சாதியினர். அட்டையும் எலியும் கூரை ஒழுகலும் அங்கே அன்றாடம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு அமைத்துத் தருவதோடு அதைப் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் தொழிலாளியின் பாதுகாப்பைப் பற்றியும் பேசியது. ஆனால் லயத்தில் வாழ்பவர் வாடகைதாரர் ஆகமாட்டார். 2017ஆம் ஆண்டுச் சட்டம், பணி ஒப்பந்தத்தின் பகுதியாக நிறுவனங்கள் ஊழியருக்குக் கொடுக்கும் வீடுகளைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. கூரை ஒழுகுகிறது என்று கேட்க வேண்டிய இடமும் கூலி கேட்க வேண்டிய இடமும் ஒன்றே. அங்கே கூலி கேட்பது எவ்வளவு எளிது என்பதை 1999 ஜூலை 23 சொல்லும். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தியது; 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள்.

2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து வேலையை நிறுத்தியது. வேலை முடிந்ததும் வீடும் முடிந்தது. நான்கு தலைமுறை வாழ்ந்த வீட்டில் ஒரு வாடகைதாரருக்குள்ள காப்புகூட இல்லை என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, டான்டீ நிறுவனம் தோட்டங்களை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. மறுவாழ்வு அளிக்குமாறு அரசைப் பணித்தது. மறுவாழ்வின் ஒரு பகுதியாகக் காட்டப்பட்டவை, ரெட்டியார்பட்டி உள்ளிட்ட இடங்களில் உள்ள நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அடுக்கக வீடுகள். இங்கேதான் சட்டத்தின் அடுத்த ஓட்டை. அரசுக்கும் சட்டமுறை அமைப்புகளுக்கும் சொந்தமான கட்டடங்களும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ளவை. லயத்தில் முதலாளி காரணமாகவும் அடுக்ககத்தில் அரசு காரணமாகவும் அதே மனிதர் இரண்டு முறை சட்டத்திற்கு வெளியே நிற்கிறார்.

ஆற்றங்கரையில் வாடகைக்கு வாழ்பவர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த நாட்களில், திருநெல்வேலியில் மீனாட்சிபுரம், கைலாசபுரம் போன்ற பகுதிகளுக்குள் தாமிரபரணி நுழைந்தது. வெள்ளம் வடிந்தால் பொந்து இழந்த எலிகள் வீடு தேடும். எலிச் சிறுநீர் கலந்த நீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், உடல்நலத்திற்குக் கேடாக இருக்கும் கட்டடத்தைத் தொல்லையாகக் கருதி நடவடிக்கை எடுக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் தருகிறது. மாநகராட்சிச் சுகாதார அலுவலருக்கு எழுதும் ஒரு மனு, உரிமையாளரோடு தனியாக மோதும் நிலையிலிருந்து வாடகைதாரரை விடுவிக்கும். வாடகைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ள வாரியக் குடியிருப்புக்காரர்களுக்கும் இவ்வழி திறந்திருக்கிறது.

தனியார் வீட்டில் இருப்பவர்கள் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். எழுத்துமூல வாடகை ஒப்பந்தம் இல்லையென்றால், அதையே காரணமாக்கி வெளியேற்றக் கோர 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே புகாருக்கு முன் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அதில் பூச்சி ஒழிப்பு யார் செலவு என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கோபத்தில் வாடகையை முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள். பாக்கி உங்கள் வழக்கைக் கெடுக்கும். தேதியோடு படம், அஞ்சலில் அனுப்பிய அறிவிப்பின் நகல், மருந்தடித்தவரின் ரசீது ஆகியவை இருந்தால்தான் கழித்த தொகையை நியாயப்படுத்த முடியும். தண்ணீரையோ துப்புரவு வசதியையோ நிறுத்திப் பழிவாங்கினால், அது இன்றியமையாச் சேவையைத் தடுப்பதாகும். வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

சாதியைச் சொல்லி வீடு மறுப்பதோ காலி செய்யச் சொல்வதோ வாடகைத் தகராறு அல்ல. 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. "உங்க ஆளுங்க" என்ற சொல் பொதுப் பார்வையில் சாதி இழிவாக வெளிப்பட்டால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பேசும். நான்கு சுவருக்குள் சொன்னால் மெய்ப்பிப்பது கடினம். அந்த மாணவரிடம் சொன்ன இடத்தில் வேறு யாரும் இல்லை. அவர் வழக்கு வேண்டாம் என்று வேறு அறை பார்த்துப் போய்விட்டார். முன்பணத்தில் மருந்தடிப்புச் செலவு பிடிக்கப்பட்டிருந்தது. அதை மீட்பதற்கான அறிவிப்பை மட்டும் அனுப்பியிருக்கிறோம்.

மலையிலிருந்து இறங்கி வாரிய வீட்டுக்கு வருபவர்களிடம் நாங்கள் சொல்வது வேறு. ஒதுக்கீட்டு ஆணையில் கையெழுத்திடும் முன், கழிவுநீர்க் குழாய், நீர்த்தொட்டி, பொது நடைபாதை ஆகியவற்றின் பராமரிப்பும் பூச்சி ஒழிப்பும் வாரியத்தின் பொறுப்பு என்று எழுதித் தரக் கேளுங்கள். தர மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.