மருத்துவமனையில் ஓர் இலக்கிய ஏடு

(மூன்றாமாண்டு, விலங்கியல் துறை)

மருத்துவமனைக்குத் தேவை மருந்தும் கட்டிலும். அங்கே கவிதைக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். இதைக் கேட்போர் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள பெல்வியூ மருத்துவமனையைச் சற்று எட்டிப் பார்ப்பது நன்று.

பெல்வியூ 1736-இல் ஏழைகள் விடுதி ஒன்றில் ஆறே படுக்கைகளுடன் தொடங்கியது. பணமில்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பாத இடம் என்று பெயர் பெற்றது. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள், வீடற்றோர், சிறைக்கைதிகள், காசநோயாளிகள் எனப் பலரும் படுத்தெழுந்த இடம் அது. நம் ஊர்ப் பெரியாஸ்பத்திரிக்கு அண்ணன் எனலாம். அந்த இடத்தில்தான் 2001-ஆம் ஆண்டு ‘பெல்வியூ லிட்டரரி ரிவ்யூ’ என்னும் இலக்கிய ஏடு பிறந்தது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர் டானியல் ஓஃப்ரி என்ற பெண் மருத்துவர். முதன்மை ஆசிரியராக இருந்து அதை வளர்த்தவரும் அவரே. செல்வர்கள் குளிரூட்டிய அறையில் படுத்திருக்கும் மருத்துவமனையில் இப்படி ஓர் ஏடு தோன்றியிருந்தால் நானும் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியிருப்பேன்.

ஆண்டுக்கு இரண்டு இதழ்கள். உடல், நோய், நலம் இவற்றையொட்டிய கதை, கவிதை, கட்டுரைகளே அவற்றின் உள்ளடக்கம். ஏடு அச்சேறுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆண்டு முழுதும் வாசிப்புக் கூட்டங்கள் நடக்கின்றன. எழுதியவர்களே வந்து படிக்கிறார்கள். நடிகர்களைக் கொண்டு கதைகளை உரக்க வாசிக்கச் செய்வதும் உண்டு. தரமும் குறைவில்லை. இன்று உலகறிந்த நாவலாசிரியையான செலஸ்ட் இங் தம் முதல் நாவலை 2014-இல் வெளியிடுவதற்கு முன்பே இந்த ஏட்டில் எழுதிய சிறுகதைக்குப் புஷ்கார்ட் பரிசு கிடைத்தது.

இந்தக் கூட்டங்களைப் பற்றி எண்ணும்போது என் நினைவுக்கு வருவது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். அதன் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பார்த்துக் கொள்பவன் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். மருந்துக்கு வாயில்லை. மற்ற மூவருக்கும் வாயுண்டு; ஆனால் நடப்பில் பேசுபவர் ஒருவர் மட்டுமே. சென்ற ஆண்டு என் தந்தைக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது நாள் இருந்தேன். காலைச் சுற்றில் வரும் மருத்துவர் அவருடைய நுரையீரலைப் பற்றிப் பயிற்சி மாணவர்களிடம் விளக்கமாகப் பேசுவார். அவரிடம் பேசியது மிகச் சில சொற்களே. கட்டிலின் மறுபுறம் நின்ற என்னிடம் அதுவும் இல்லை. மருந்து நல்ல மருந்துதான். தந்தை குணமாகி வீடு வந்தார். ஆயினும் அந்தப் பத்தொன்பது நாளில் அவர் என்ன நினைத்தார் என்பது இன்றுவரை எங்கும் பதிவாகவில்லை. பெல்வியூ ஏட்டில் அந்த மூவரும் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறார். இதை நான் பெரிய செய்தியாகக் கருதுகிறேன்.

கலையால் நோய் தீருமா என்று கேட்டால், தீரும் என்று மேடையில் முழங்க நான் ஆயத்தமாக இல்லை. கலைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தொகுத்து வெளியிட்டது. எண்ணிக்கை பெரிது, எல்லா ஆய்வும் ஒரே உறுதி உடையனவல்ல. இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டும் சோதனை 1986-இல் வெளிவந்தது. அமெரிக்க உளவியலார் ஜேம்ஸ் பென்னிபேக்கர் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர் நாற்பத்தாறு பேரை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் செய்தார். தம் வாழ்வின் துயரத்தை, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் மேலும் வாடியே இருந்தது! பின்வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறிது என்றே தெரிந்தது. ஆகவே கவிதையை மாத்திரையாக விற்பவர்களை நம்ப வேண்டாம். ‘செல்லம்மாள்’ கதையில் நோயுற்ற மனைவியின் பக்கத்தில் ஒரு கணவனை உட்கார வைத்துக் காட்டிய புதுமைப்பித்தனையே 1948-இல் காசநோய் கொண்டு போயிற்று. அதனால் அந்தக் கதை வீண் என்று யாரேனும் சொல்வார்களா?

என் அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. நோயாளியைப் பற்றி மருத்துவர் எழுதும்போது அந்தக் கதை யாருடையது? பெயரை மாற்றிவிட்டால் போதுமா? ஊரையும் தொழிலையும் வடுவையும் எழுதினால் உறவினர் கண்டுகொள்ள மாட்டார்களா? படுத்திருப்பவன் சம்மதம் கேட்கும்போது, மறுத்தால் சிகிச்சை குறையுமோ என்று அஞ்சித் தலையாட்டுவதும் சம்மதமாகுமா? இவற்றுக்கு விடை காணாமல் நடத்தப்படும் கலைவிழா எத்தனை கைதட்டல் பெற்றாலும் நோயாளிக்கு அது இன்னொரு காலைச் சுற்றுதான்.

நம் கல்லூரிக்கு வருவோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகிறார்கள். வரிசையைச் சரிசெய்கிறோம், எடை பார்க்கிறோம், படம் எடுத்து இந்த மலரில் போடுகிறோம். படத்தில் பார்வையாளர்கள் மேடையில் இருக்கிறார்கள். வந்த முதியவர்கள் முதுகு காட்டி நிற்கிறார்கள். அடுத்த முகாமில் தமிழ் மன்றத்திலிருந்து நால்வர் பெஞ்சில் அமர்ந்து, சொல்ல விரும்புவோர் சொல்வதைக் கேட்டு எழுதட்டும். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டட்டும். சிகிச்சையெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து வீடு தேடிச் சென்று, அச்சிடலாமா என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் அந்தத் தாளை அவர்களிடமே கொடுத்துவிட்டு வரலாம். இதற்கு ஆகும் செலவு நான்கு நோட்டுப் புத்தகமும் பேருந்துக் கட்டணமுமே.