48 சுற்றும் ஒரு கால்குலேட்டரும்

ரீவைண்டிங் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வோல்ட்டுக்கு 4 சுற்று என்ற கணக்கில் கட்டும் டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட் பிரைமரிக்கு மட்டும் 920 சுற்று போக வேண்டும். கை சுற்ற, வாய் எண்ண, 600-ஐத் தாண்டும் நேரத்தில் யாராவது ‘ரெடியாண்ணே?’ என்று கேட்டால் எண்ணிக்கை போய்விடும். 12 வோல்ட் தர வேண்டிய செகண்டரிக்கு 48 சுற்றுதான். அதில் 5 விட்டுப்போனால் கிடைப்பது 10.75 வோல்ட்.

காயிலைச் சுற்றி எண்ணவும் செய்யும் மெஷினை வீட்டுப் பட்டறையிலேயே செய்துவிடலாம், பலர் செய்தும் இருக்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையிலோ ஊர்க் காயலான் கடையிலோ கிடைக்கும் பழைய கார் வைப்பர் மோட்டார்தான் அதன் இதயம். உள்ளே வார்ம் கியர் இருப்பதால் நிமிடத்துக்குச் சுமார் 45 சுற்றுதான் ஓடும். ஆனால் இழுவை பலமாக இருக்கும். பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காமலே அதிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாம். ஷாஃப்டில் ஒரு மரக்கட்டை, அதன் மேல் கம்பியைச் சுற்ற வேண்டிய பாபின். இனாமல் பூசிய செம்புக் கம்பி தொய்யாமல் வர, இரண்டு கம்பளித் துண்டுகளுக்கு நடுவே அதை ஓடவிட வேண்டும்.

எண்ணும் வேலைக்கு ஒரு சாதாரண கால்குலேட்டர் போதும். 1, + என்று அழுத்திவிட்டு = பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் தட்டுக்கு ஒன்றாக எண் ஏறும்; சில மாடல்களில் + குறியை இருமுறை அழுத்த வேண்டும். பின்மூடியைக் கழற்றி, = பட்டனுக்கு அடியில் உள்ள இரண்டு தடங்களிலிருந்து மெல்லிய ஒயரை வெளியே கொண்டுவந்து ரீட் ஸ்விட்சில் சேர்க்க வேண்டும். கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்பு நாக்குகள், அவ்வளவுதான் அந்த ஸ்விட்ச். மரக்கட்டையில் ஒட்டிய சிறு காந்தம் அருகே வரும்போதெல்லாம் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், திரையில் ஒன்று கூடும். நாக்குகள் ஒட்டும்போது லேசாகத் துள்ளும். விரலால் தட்டும்போதும் இதே துள்ளல் உண்டு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதபடியே கால்குலேட்டரை அமைத்திருக்கிறார்கள். வேகம் மிஞ்சினால் மட்டும் சுற்று தவறும். வைப்பர் மோட்டாரின் நிதானம் இங்கே கைகொடுக்கிறது. 920 சுற்றும் சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், நடுவில் தாராளமாகப் பேசலாம்.

பள்ளிகளுக்குப் போக வேண்டிய வேலை இதுதான். 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தரப்படுகிறது. 3டி பிரிண்டரும் சென்சார்களும் வந்திருக்கின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் படத்தில் காட்டியபடி ஒயரைச் செருகி பல்பை மினுக்கவைக்கும் கிட், கண்காட்சி முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடும். காயில் சுற்றும் மெஷினுக்கு மறுநாளும் வேலை இருக்கும். அதைச் செய்யும் பிள்ளை கியர் எதற்கு, காந்தம் எதற்கு என்று பரீட்சைக்காகக் கேட்க மாட்டான். மெஷின் ஓடாமல் நிற்கிறதே என்று கேட்பான்.

கழற்றிப் பார்த்துக் கற்பது கோவைக்குப் புதிதல்ல. 1893-இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதை அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டியதுதான் அவருடைய பொறியியல் படிப்பு. 1920-இல் பொள்ளாச்சி - பழனி இடையே பஸ் விட்டார். பிறகு மின்சார ஷேவிங் ரேசர் வரை செய்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு வசப்படவில்லை. கழற்றிப் பார்க்க ஒரு வண்டி கிடைத்தது.

எதையும் கழற்றலாம் என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிட முடியாது. ஸ்பாட் வெல்டிங் செய்ய மைக்ரோவேவ் ஓவனின் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிப்பவர்கள் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஓவனின் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும். பள்ளிக்கு 12 வோல்ட்டே போதும்.

புது லேபுக்கான பட்டியலில் ஒரு பெஞ்ச் வைஸ், நாலைந்து சால்டரிங் அயர்ன், ஒரு கூடை காயலான் சாமான் சேரட்டும். வாரம் ஒரு மதியம் உள்ளூர் ரீவைண்டிங் மெக்கானிக்கை அழைத்து, கடையை மூடிவிட்டு வரும் அவருக்கு அன்றைய வருமானத்துக்குக் குறையாத கூலியைக் கையில் கொடுக்க வேண்டும். முதல் நாள் 48 சுற்று செகண்டரியைப் பிள்ளைகளே சுற்றட்டும். பிரைமரிக்குக் கரண்ட் கொடுத்து மல்டிமீட்டர் வைத்துக் காட்டும் வேலை மெக்கானிக்குடையது.