விரலும் நாவும்

எழுதுகோலை விடுத்துத் தட்டச்சினைப் பற்றிய நம்மவர், இப்பொழுது அதனையும் விடுத்து வாய்மொழியாலேயே எழுதத் தலைப்பட்டனர். 2017-ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனத்தார் தம் குரல்வழித் தட்டச்சிலே தமிழையும் சேர்த்தபின், கைப்பேசியுடையார் பலர்க்கும் இஃது எளிதாயிற்று. இதனைச் சோம்பலென்று இகழ்வாரும் நம்மிடையே உளர். அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் தலபுராணச் செய்யுட்களை வாயாற் சொல்லிவர, மாணாக்கர் ஏட்டில் எழுதினரன்றோ? கண்ணொளியிழந்த மில்டனும் தம் பெருங்காப்பியத்தைப் பிறர் எழுதவே சொன்னார்.

ஆயின் ஏடெழுதிய மாணாக்கர் பொருளுணர்ந்து எழுதினர். மென்பொருளோ, முன்னர்க் கேட்ட ஒலிகளையும் கண்ட சொற்றொடர்களையும் துணைக்கொண்டு, இங்கே வரத்தக்க சொல் இன்னதென்று கணிப்பதேயாம். நம் பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரிதும் மறைந்தமையால், 'கரை', 'கறை' இரண்டும் செவிக்கு ஒன்றே. 'ஆற்றின் கரை' என்றால் அண்டைச்சொல்லைக் கொண்டு தெளியும். 'கரை தெரிகின்றது' என்ற அளவில் நிறுத்தினால் அஃது என் செய்யும்? (நம் நொய்யலில் இரண்டும் உள என்பது வேறு செய்தி.) ஆதலின் நாவால் எழுதுவோனும் எழுத்திலக்கணம் அறிந்தே தீரவேண்டும், அறியாதான் பிழையைக் கண்ணெதிரே கண்டும் காணான்.

என்னை வருத்துவது பிறிதொன்று. எழுத்தறியாத என் பாட்டியார், திருப்பூரிலுள்ள மகனுக்குச் செய்தி விடுக்கச் செயலியொன்றில், "ஒரம்பரை வந்திருக்காங்க" என்றார். கொங்குநாட்டில் ஒரம்பரை என்பது வீட்டிற்கு வரும் உறவினரைக் குறிக்கும். அச்செயலி, 'ஒரு முறை வந்திருக்கிறார்கள்' என்று எழுதிற்று. பொருளற்ற எழுத்துக்கள் வந்திருப்பின் ஐயம் எழும். திருத்தமான வாக்கியமாகவே வந்தமையால் மகன் மயங்கினார். அன்றுமுதல் பாட்டியார் கைப்பேசியின்முன் வானொலியிற் செய்தி வாசிப்பார்போலப் பேசுகின்றார். 'ஏனுங்க', 'அக்கட்டால' முதலியன அவர் நாவில் அங்கே எழுவதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதார்க்கே இக்கருவி பெருந்துணை. அவர்க்கே இஃது இடர்ப்படுவது முறையோ? கருவியன்றோ பாட்டியிடம் பாடங் கேட்கவேண்டும்! எழுதிய வாக்கியத்தைப் படித்துப் பதிந்த குரல்களையே மிகுதியுங் கேட்டு வளர்ந்த கருவிக்குத் திண்ணைப்பேச்சு விளங்காமை வியப்பன்று. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏஐ-ஃபார்-பாரத் குழுவினர் 2024-இல் வெளியிட்ட 'இண்டிக்வாய்சஸ்' தொகுப்பில், 22 இந்திய மொழிகளின் இயல்பான பேச்சையும் திரட்டியுள்ளனர். நெறி அதுவே. ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை 1942-இலேயே அச்சேற்றினார். பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' தொகுத்தார். அச்சு ஏற்றுக்கொண்ட மொழியைக் கருவியும் ஏற்கலாம்.

நம் தமிழ்மன்றத்தார் ஆண்டுதோறும் நடத்தும் பேச்சுப்போட்டிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளினும் குற்றமில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், பொள்ளாச்சியாயினும் கோபியாயினும் தாராபுரமாயினும், தம் வீட்டு முதியோரின் இசைவு பெற்று, அவர் இயல்பாய்ப் பேசுவதை ஒரு மணி நேரம் பதிந்து, சொல்லுக்குச் சொல் எழுதிக் கொணர்க. முதலிற் பதிவதற்கு என் பாட்டியார் இசைந்திருக்கின்றார். சந்தைநாள் மட்டும் ஆகாதாம்.