அந்தப் பக்கத்தையும் கேட்க விடுங்கள்

காரிமங்கலத்துப் பெற்றோர்களே, உங்களோடு சேர்த்து என்னையும் திட்டிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் சொற்போர். தலைப்பு: 'பிழைப்புக்கு ஊரா, பெங்களூரா?' என் மகளுக்கு ஊர் பக்கம். ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தது நான்தான். தென்னந்தோப்பு, மலைக்கோயில், சொந்தபந்தம் என்று ஒன்றையும் விடவில்லை. மனப்பாடம் செய்து பொழிந்து தள்ளினாள். எதிரணிப் பையன் ஒன்றே ஒன்று கேட்டான்: "மழை பொய்ச்சு போர்ல தண்ணி வத்திப்போனா உங்கப்பா எங்க போவாரு?" பிள்ளை துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். என் நாலு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.

"அந்தப் பையனுக்கு வாய் ஜாஸ்தி" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. நானும் தலையாட்டினேன்.

செவ்வாய்ச் சந்தையில் மாடு பிடிக்கும்போது நாம் இப்படியா இருக்கிறோம்? பல் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். இவர் ஏன் விற்கிறார் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பிள்ளைக்குக் கட்சியையும் சாமியையும் கொடுக்கும்போது மட்டும் பல்லைப் பார்க்க விடாமல் கயிற்றைக் கையில் திணித்துவிடுகிறோம். ஏன் என்று கேட்டால், "எதிர்த்தா பேசுற?"

மலையேறி அருணேஸ்வரரைக் கும்பிடுகிறோமே, சைவர்கள் தங்கள் கொள்கையை எப்படி நிறுத்தினார்கள் தெரியுமா? 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் இரண்டு பகுதி. சைவத்தைச் சொல்லும் சுபக்கம் பின்னால்தான் வருகிறது. முன்னால் நிற்பது பரபக்கம், அதாவது அடுத்தவர் கட்சி. கடவுளே இல்லை என்கிற உலகாயதத்தில் தொடங்கி 14 கொள்கைகள். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்பதை முதலில் எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்கிறார்.

அவர் சகலாகம பண்டிதர் என்று பேர் வாங்கியவர். திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் என்ற சிறுபிள்ளை பாடம் சொல்கிறது என்று கேள்விப்பட்டுச் சோதிக்கப் போனாராம். ஆணவம் எப்படியிருக்கும் என்று கேட்டாராம். பிள்ளை பேசவில்லை. அவரையே தலை முதல் கால் வரை பார்த்ததாம். பண்டிதர் காலில் விழுந்து சீடரானார் என்பது சைவர்கள் சொல்லும் கதை. (நம் வீடாக இருந்தால், "என்னடா முறைக்கிற?" என்று ஓர் அறை விழுந்திருக்கும்.)

அடுத்த போட்டிக்குத் தயவுசெய்து பேனாவை எடுக்காதீர்கள். கை அரித்தால் எதிரணிக்கு எழுதிக் கொடுங்கள். பிள்ளை அதை உடைக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு பெங்களூரு போன சித்தப்பாவுக்கு போன் போட்டு, ஏன் போனீங்க என்று கேட்கும்படி மகளிடம் சொன்னேன். அரைமணி நேரம் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போனை வைத்ததும் என்னிடம் வந்தாள்.

"அப்பா, நம்ம தோப்புக்குச் சொட்டுநீர் போட எவ்வளவு ஆகும்?"