இரண்டு மணித்தியாலம் யாரிடம் இருந்தது?

ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிடம் மௌனமாகும். எங்கள் மூத்தம்மா அந்த நேரம் அடுப்படியில் நின்றாலும் கையில் இருப்பதை வைத்துவிட்டு யாஸீன் ஓதத் தொடங்கிவிடுவார். 2004இல் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் ஒரே வீட்டுக்குள் மௌத்தானார்கள். மூன்று பேரும் பெண்கள். நான் பிறந்தது அதற்கு நான்கு வருடங்களுக்குப் பிறகு. ஆகவே எனக்குச் சுனாமி என்பது மூத்தம்மா சொன்ன கதையும், கடற்கரைப் பக்கம் இன்னும் நிற்கின்ற ஒரு வீட்டின் அத்திவாரமும்தான்.

உயர்தரத்தில் நான் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறேன். அதனால்தானோ என்னவோ, மூத்தம்மாவின் கதையில் எனக்கு அலையை விட நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. சுமாத்திராவுக்கு அருகில் நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் காலை 7 மணி ஆக ஓரிரு நிமிடங்கள் இருந்தன. (அப்போது நமது கடிகாரம் இப்போதையதை விட அரை மணித்தியாலம் முன்னே ஓடியது. 2006இல்தான் மாற்றினார்கள்.) நமது கரைக்கு அலை வந்தது ஒன்பது மணியளவில். இடையில் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் இருந்தது. நடந்தே போனாலும் கடலை விட்டு ஐந்தாறு கிலோமீற்றர் போய்விடக்கூடிய நேரம் அது.

அந்த இரண்டு மணித்தியாலமும் உலகத்தில் ஒருவருக்குமே தெரியாமல் இருந்ததா? இல்லை. ஹவாயில் இருந்த பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்துக்குள் நிலநடுக்க அறிவித்தலை அனுப்பியது. அது பசுபிக் நாடுகளுக்கான அறிவித்தல். இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடே அன்று இருக்கவில்லை. நமது நாட்டுக்குள்ளேயே, கண்டிக்கு அருகில் பல்லேகலையில் உள்ள நிலநடுக்கமானி சில நிமிடங்களில் அந்த அதிர்வைப் பதிந்துகொண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. அந்தப் பதிவைப் பார்த்துக் கரையோரத்துக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஒருவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கருவிக்குத் தெரிந்தது கல்முனைக்குத் தெரியவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். இலங்கையில் ஆகக்கூடிய இழப்பு நமது மாவட்டத்துக்குத்தான்.

அதன் பிறகு அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் 117 என்ற இலக்கமும் வந்தன. யுனெஸ்கோவின் கீழ் இந்து சமுத்திர நாடுகள் ஒன்றாகி ஓர் எச்சரிக்கை முறையை அமைத்தன. 2007இல் ஐதராபாத்தில் இந்தியாவின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கடலின் அடித்தளத்தில் ஓர் அழுத்தமானி இருக்கும். மேலே நீர் உயர்ந்தால் அழுத்தம் மாறும். அதை மிதவை ஒன்று செய்மதிக்குச் சொல்லும், செய்மதி கரைக்குச் சொல்லும். இதைப் பாடத்தில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மறுபடியும் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்களும் ஓடினார்கள். அன்று நிலத்தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டாக வழுக்கியதால் பெரிய அலை வரவில்லை. உம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாராம். எனக்கு நினைவில்லை.

ஆனால் கருவி அறிந்ததை அடுப்படி வரைக்கும் கொண்டு சேர்ப்பது வேறு ஒரு வேலை. அந்தக் கடைசித் துண்டு வழியைப் பற்றி நமது நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து 32 கரையோரக் கிராமங்களில் செய்மதி வானொலி, கைத்தொலைபேசி, கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி, தொலைவிலிருந்து ஒலிக்கச்செய்யும் மணி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தன. ஒரே கருவியை நம்பியிருப்பதை விட இரண்டு கருவிகளைச் சேர்த்து வைப்பது நல்லது, கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை வாங்கும் ஆளும் பயிற்றப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் அதில் தெரிந்தது. நாமோ கோபுரங்களைக் கட்டினோம். கரையோரம் முழுவதும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பது நமது ஊர் மீனவர்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவற்றில் பல வருடக்கணக்காக வேலை செய்யாமல் நிற்பதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம்.

கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். குறுஞ்செய்தி ஒவ்வோர் இலக்கமாகப் போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பெடுக்கும் நாளில் அது வரிசையில் நின்றுவிடும். செல் ஒலிபரப்பு என்ற முறை வேறு. வானொலி போல, ஒரு கோபுரத்தின் கீழே உள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே தடவையில் போய், சத்தமாக அலறும். அமெரிக்காவில் 2012இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. 2023இல் இந்தியாவில் பரீட்சித்துப் பார்த்தார்கள். இலங்கையிலும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் டயலொக் நிறுவனமும் சேர்ந்து இது போன்ற ஒரு முறையை உருவாக்கின. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அனுப்பக்கூடியது. ஆகவே தமிழில் அனுப்ப இயலாது என்று யாராவது சொன்னால் அது கருவியின் குறை அல்ல.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு மழைக்காலத்து இரவில் உம்மாவின் தொலைபேசிக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. முழுவதும் சிங்களத்தில். உம்மா அதை என்னிடம் நீட்டினார். சாதாரண தரம் வரை இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களத்தை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். "காற்று" விளங்கியது, "மணிக்கு" விளங்கியது. நடுவில் இருந்த சொல் "வெளியேறுங்கள்" என்பதா "வெளியே போகாதீர்கள்" என்பதா என்று எனக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். கடைசியில் பக்கத்து வீட்டுக் காக்கா வந்து சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு. இரண்டு நிமிடத்தில் அலை வரும் இரவாக அது இருந்திருந்தால் சிரிக்க ஆளிருந்திருக்காது. 2025 நவம்பரில் டித்வா புயல் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, தமிழில் எச்சரிக்கை போதாது என்ற முறைப்பாடு நாடு முழுவதும் எழுந்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சுனாமி எப்போதாவது வருவது. வெள்ளம் அப்படியல்ல, அது நமது வீட்டு விருந்தாளி. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளித் தாம்போதியில் நடந்ததை இந்தப் பக்கத்தில் எழுதும்போது கை நடுங்குகிறது. நிந்தவூர் மத்ரஸாவில் இருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய சிறுவர்கள் ஏறிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப்போனது. படையினரும் ஊர் இளைஞர்களும் நாட்கணக்காகத் தேடினார்கள். யாருடைய பிழை என்று எழுத நான் வரவில்லை. பெரும் மழை பெய்கிறது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அந்த நிமிடத்தில், அந்த இடத்தில் நீரின் ஆழம் எவ்வளவு, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைச் சொல்லத்தான் அங்கே எதுவும் இல்லை. ஓடுகின்ற நீர் இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும் என்று அமெரிக்காவின் வானிலைச் சேவை தன் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஆறு அங்குலமே வளர்ந்த மனிதரை விழுத்திவிடும். இதற்குச் செய்மதி வேண்டாம். அடிக்கணக்குக் குறித்து, சிவப்புக் கோடு போட்ட ஒரு தூண், மறிக்க ஒரு தடுப்பு, பக்கத்து வீடொன்றில் பூட்டாமல் வைத்த ஒரு தோணியும் உயிர்காப்பு அங்கிகளும் கயிறும். இவையும் தொழில்நுட்பம்தான். விலை குறைந்தது என்பதால் யாரும் திறப்பு விழா வைப்பதில்லை.

இனி நான் எழுதப்போவது பெற்றோருக்கு, அதிலும் வாப்பாமாருக்கு.

சுனாமிக்குப் பின் அம்பாறை மாவட்டத்தின் அகதி முகாம்களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். இறந்த பெண்களின் வீதம் ஆண்களின் வீதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சிறுபிள்ளைகளும் முதியவர்களும் அதிகம். அலை வந்தபோது வீட்டுக்குள் இருந்ததும் இறப்போடு சேர்ந்தே இருந்ததாகக் கண்டார்கள். மூத்தம்மாவின் கதையில் ஏன் மூன்றும் பெண்கள் என்று எனக்கு அந்தக் கணக்கை அறிந்த பிறகுதான் விளங்கியது. காலை ஒன்பது மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? பிள்ளைகளையும் முதியவர்களையும் யார் கையில் பிடித்திருப்பார்கள்? அப்படியென்றால் பயிற்சி முதலில் யாருக்குப் போக வேண்டும்? ஒத்திகைக்கும் கூட்டத்துக்கும் ஆண்களை அழைத்துவிட்டு, "வீட்டில் போய்ச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடுகிறோம். வீட்டில் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

"பொம்புளப் புள்ளயளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்பவர்களுக்கு ஒரு முஸ்லிம் நாட்டையே காட்டுகிறேன். 1970இன் சூறாவளியில் இன்றைய பங்களாதேஷில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1972இல் அவர்கள் கரையோரத்தில் தொண்டர்படை ஒன்றை அமைத்தார்கள். கொடி, கைச்சங்கு, ஒலிபெருக்கி, இவைதான் கருவிகள். 1991இலும் பெருஞ்சூறாவளி வந்தது, பெண்கள்தான் அதிகம் இறந்தார்கள். இன்று அந்தப் படையில் 76,000 தொண்டர்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். ஒரு பெண் வந்து கதவைத் தட்டினால்தான் இன்னொரு பெண் வெளியே வருவாள் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். 2020இல் அம்பன் புயலுக்கு முன் இருபது இலட்சம் பேருக்கு மேல் இடம்பெயர்த்தார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே முந்நூறு யார் தூரம் இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது, தம்பிமாருக்கெல்லாம் தெரியும். மறைவான இடத்தில், பெண் பயிற்றுநர் ஒருவரோடு, வாரத்தில் ஒரு நாள் போதும். ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, நமது ஊர்களில் எல்லோரும் கேட்கும் குரல் பள்ளிவாசலின் குரல், காரைதீவிலும் பாண்டிருப்பிலும் கோவிலின் மணி. புதுக் கோபுரம் கட்டும் காசில் ஒரு பங்கை எடுத்து, அந்த ஒலிபெருக்கிகளுக்கு மின்கலமும், மாவட்ட நிலையத்தோடு நேரடித் தொடர்பும், தமிழில் முன்கூட்டியே எழுதி வைத்த நான்கு வசனமும் கொடுத்தால் என்ன?

கல்லூரிச் செயற்றிட்டத்துக்காக நானும் இரண்டு தோழிகளும் நீர்மட்டம் உயர்ந்தால் ஒலிக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்தோம். வாளியில் தண்ணீர் ஊற்ற அது அழகாக அலறியது. ஆசிரியை கேட்டார்: "சரி, இது யாருக்குச் சொல்லும்? கேட்டவர் எங்கே போவார்?" முதல் கேள்விக்கு நாங்கள் ஏதோ சமாளித்தோம். இரண்டாவதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவுச் சாப்பாட்டில் வாப்பாவிடம் கேட்டேன்.

"சம்மாந்துறப் பக்கம்தான், மாவடிப்பள்ளியால" என்றார்.

"டிசம்பர்லயா வாப்பா? தாம்போதியில தண்ணி நிக்குமே."

"அப்ப கிட்டங்கியால போற."

"அதுவும் தாம்போதிதானே."

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். வெயில் காலம், வீதி காய்ந்து கிடந்தது. ஓரத்து மின்கம்பத்தில் போன வெள்ளத்தின் சேற்றுக்கோடு அழியாமல் இருந்தது. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். என் இடுப்புக்கு மேலே இருந்தது.